மழை பெய்யாத ஊரில் மீன் ஏறும் காலம்

போடிநாயக்கனூர்ப் பக்கத்துக் கண்மாய்கள் மழை பொய்த்த வருடங்களில் சித்திரை, வைகாசியில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். நடுக்கண்மாயில் ஆடு மேயும். அப்புறம் ஐப்பசி மழை வரும், வாய்க்காலில் தண்ணீர் வரும், கண்மாய் பெருகும். கார்த்திகை முடிவதற்குள் மதகோரம் தூண்டில் போடும் பையன்கள் விரல் நீளக் கெண்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். ஆடு மேய்ந்த தரையில் இந்த மீன் எங்கிருந்து வந்தது? மழையோடு வானத்திலிருந்து விழுந்தது என்பார்கள் சிலர். முட்டை மண்ணுக்குள் காத்துக் கிடந்தது, தண்ணீர் பட்டதும் பொரிந்தது என்று சொல்பவர்கள் இன்னும் அதிகம்.

இரண்டாவது பதில் முழுக் கற்பனை இல்லை. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் கில்லி மீன்கள் என்ற சிறு மீன் குடும்பங்களில் சில இனங்கள் அப்படித்தான் வாழ்கின்றன. குட்டை வற்றியதும் தாய்மீன் செத்துவிடும். முட்டை மட்டும் காய்ந்த சேற்றுக்குள் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து அடுத்த மழையில் பொரியும். நம் கெண்டை முட்டைக்கு அந்தத் திறன் கிடையாது, காய்ந்தால் போயிற்று. விராலும் குறவையும் வேறு வழி வைத்திருக்கின்றன. அவற்றால் காற்றை நேராகச் சுவாசிக்க முடியும் என்பதால், ஈரம் மிஞ்சிய சேற்றுக்குள் புதைந்து கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். கட்லா, ரோகு கிடைத்தால் அது மீன்பாசி ஏலம் எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டது. மிச்சமிருக்கும் கெண்டை, கெளுத்தி, ஆரால் ஆகியவற்றை யாரும் கொண்டுவந்து விடவில்லை. அவை நீந்தி வந்தவை. சில, ஆற்றிலிருந்து வாய்க்கால் தண்ணீரோடு இறங்கி வந்தன. சில, மறுகால் ஓடையில் ஓட்டத்தை எதிர்த்து ஏறி வந்தன.

அப்படியானால் கேள்வி இடம் மாறுகிறது. கோடை முழுக்க ஆற்றின் கசத்தில் அசையாமல் கிடந்த மீனுக்கு, புறப்பட வேண்டிய நேரம் இதுதான் என்று எப்படித் தெரிந்தது?

கொட்டகுடி ஆற்றில் இந்தக் கேள்வி கூடுதலாகக் கூர்மை பெறுகிறது. குரங்கணி, கொட்டகுடி மலைச்சரிவுகளின் ஓடைகள் கூடி உருவாகும் ஆறு இது. பிள்ளையார் அணையைத் தாண்டி, போடியைத் தொட்டுக்கொண்டு, தேனிப் பக்கம் போய் வைகையோடு சேர்கிறது. ஏலமலையின் முகடு தண்ணீரைப் பிரிக்கும் கோடு. மேற்கே விழும் துளி பெரியாற்றின் வழியாக அரபிக்கடலுக்குப் போகும். கிழக்கே விழுவது வைகைக்கு. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பங்கை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டி வரும் மிச்சச் சாரல் இந்தப் பக்கத்து மேல்சரிவை நனைத்துவிட்டு ஓய்ந்துவிடும். போடிக்கு வருவது காற்றும் புழுதியும்தான். தலைக்கு மேல் வெயில் அடிக்க, ஆற்றில் மட்டும் தண்ணீர் கூடும், நிறம் மாறும். ஊருக்குள் மழை இல்லை, ஆனால் மீன் ஏறுகிறது. மழைத்துளி தண்ணீரில் விழும் சத்தத்தைக் கேட்டு மீன் கிளம்புகிறது என்றால் இங்கே அது நடக்கக் கூடாது.

குளிர்நாட்டு மீனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வட அமெரிக்க ஆறுகளில் வால்ஐ என்றொரு மீன் உண்டு. அங்கே தூண்டில்காரர்கள் அதை வருடம் முழுக்கத் துரத்துகிறார்கள். பனிக்கட்டி உருகி, தண்ணீர் 6 முதல் 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறும்போது அது முட்டையிட ஆற்றில் மேலேறும். அந்த ஊர்த் தூண்டில்காரர் கையில் வெப்பமானி இருந்தால் போதும், மீன் எங்கே நிற்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். பகல் நீளமும் அந்த மீனுக்குத் துணை செய்கிறது. 45 டிகிரி அட்சரேகையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஏழு மணி நேர வித்தியாசம். போடி இருக்கும் 10 டிகிரியில் அந்த வித்தியாசம் ஒரு மணி பத்து நிமிடம் அளவுதான். வெப்பமும் அப்படியே. நம் ஆற்றுத் தண்ணீர் உறைந்து உருகுவதில்லை. மார்கழிக்கும் சித்திரைக்கும் இடையில் மாறுவது சில டிகிரிதான். எனவே வெயிலையும் பகலையும் மட்டும் வைத்துக் காலம் கணிக்கும் மீன் இங்கே தடுமாறிப்போகும். வருடத்தில் இங்கே உண்மையாகவே பெரிதாக மாறுவது தண்ணீரின் அளவும் ஓட்டமும்தான். நம் மீன்கள் காலத்தை அதில்தான் படிக்கின்றன.

இது ஊகம் இல்லை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1970களில் ஜெர்மானிய உயிரியலாளர் ஃபிராங்க் கிர்ஷ்பாம், வெப்பமண்டல ஆறுகளைச் சேர்ந்த மின்மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தார். எவ்வளவு நன்றாகத் தீனி போட்டாலும் அவை சினைப் பிடிக்கவில்லை. பிறகு அவர் தொட்டிக்குள் ஒரு மழைக்காலத்தை உண்டாக்கினார். நீர்மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார், மேலிருந்து தண்ணீரைத் தூவினார், கரைந்த உப்பு குறைவான தண்ணீரைச் சேர்த்துக்கொண்டே போனார். மீன்களுக்குச் சினை முதிர்ந்தது. அந்த மாற்றங்களைத் திருப்பிப்போட்டதும் சினை சுருங்கியது. உப்பு ஏன் முக்கியம்? கோடையில் ஆறு வற்ற வற்ற, பாறையிலும் மண்ணிலும் கரைந்து வந்த உப்புகள் கசத்துத் தண்ணீரில் செறிந்துகொண்டே போகும். மலையிலிருந்து வரும் புதுத்தண்ணீர் அந்தச் செறிவைச் சட்டென்று குறைக்கிறது. தூரத்தில் பெய்த மழையின் செய்தி இப்படித் தண்ணீருக்குள்ளேயே கரைந்து வருகிறது. அதோடு தண்ணீர் குளிர்கிறது, கலங்குகிறது, மண்ணின் வாசனையைச் சுமந்து வருகிறது. போடியில் வானம் வெளுத்திருந்தாலும் கசத்தில் கிடக்கும் கெண்டைக்குக் குரங்கணி மழை எட்டிவிடுவதற்கு இத்தனை வழிகள் இருக்கின்றன.

இதே உண்மையை நம் நாட்டில் இன்னொரு பக்கத்திலிருந்து கண்டுபிடித்தார்கள். அந்தக் கதை நம்மில் பலருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்தான். கட்லாவும் ரோகுவும் கங்கைச் சமவெளி ஆறுகளின் மீன்கள். குளத்தில் விட்டால் கொழுத்து வளரும், சினையும் பிடிக்கும். ஆனால் முட்டையிடாது. வயிறு நிறையச் சினையோடு மழைக்காலத்தைக் கடந்துவிட்டு, கடைசியில் அந்தச் சினையை உடம்புக்குள்ளேயே கரைத்துக்கொள்ளும். அதனால் மீன் வளர்ப்பவர்கள் வெள்ளக் காலத்தில் ஆற்றில் வலை கட்டி, மிதந்து வரும் முட்டையையும் குஞ்சையும் வாரி எடுக்க வேண்டியிருந்தது. அந்த வாரலில் வேண்டிய குஞ்சோடு வேண்டாத குஞ்சும் கலந்து வரும். வங்காளத்தின் பாங்குரா, மேதினிப்பூர் பகுதிகளில் மட்டும் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். சரிவான நிலத்தில் மழைவெள்ளம் பாய்ந்து நிறையும்படி கரை கட்டிய குளங்கள் அவை. புதுவெள்ளம் உள்ளே பாய்ந்த சில மணி நேரத்தில் அங்கே மீன்கள் முட்டையிட்டன. அதாவது அந்த மீன்களுக்குக் குறைவாக இருந்தது உணவோ இடமோ இல்லை, வெள்ளம்.

வெள்ளம் மீனின் உடம்புக்குள் என்ன செய்கிறது? ஓட்டம், குளிர்ச்சி, கலங்கல் எல்லாவற்றையும் உணரும் மூளை, தன் அடியில் தொங்கும் பட்டாணியைவிடச் சிறிய பிட்யூட்டரி சுரப்பிக்கு ஆணை அனுப்புகிறது. சுரப்பி ஒரு ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அது சினைப்பைக்குப் போய்ச் சேர்ந்ததும் முட்டைகள் முதிர்ந்து கழன்று வெளியேறுகின்றன. வெள்ளம் இல்லாத குளத்தில் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே நின்றுவிடுகிறது. அந்தக் கண்ணியைத் தாண்டிக் குதிக்க முடியுமா என்று யோசித்தவர் ஹிராலால் சௌத்ரி. ஒரிசாவில் மத்திய மீன்வள ஆய்வாளராக இருந்தவர். முதலில் சின்னஞ்சிறு மீன்களில் முயன்று பார்த்தார். 1957 ஜூலை 10 அன்று, வேறு மீன்களிலிருந்து எடுத்த பிட்யூட்டரிச் சாற்றைச் சினைக்கெண்டைக்கு ஊசியாகப் போட்டு, ஆறும் வெள்ளமும் இல்லாமல் முட்டையிட வைத்தார். நாடு முழுக்க ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடப்படுவது இதனால்தான். இன்று வைகை அணை மீன்பண்ணை மாதிரியான இடங்களிலிருந்து கண்மாய்களுக்கு வரும் கட்லா, ரோகு குஞ்சுகள் அந்த ஊசியின் வாரிசுகள். பெரிய ஆற்றின் வெள்ளத்தை ஒரு சொட்டுச் சாற்றில் அடக்கிக் காட்டிய அந்தச் சோதனையே, மீன் வெள்ளத்துக்காகக் காத்திருக்கிறது என்பதற்கு ஆகச் சிறந்த சாட்சி.

எதிர்ச்சாட்சி ஒன்றும் நம் கண்மாயிலேயே நீந்துகிறது. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, நாம் ஜிலேபிக் கெண்டை என்று சொல்லும் மீன். அது வெள்ளத்துக்குக் காத்திருப்பதில்லை. தேங்கிய தண்ணீரில் ஆண்மீன் மண்ணைக் குழித்து இடம் செய்யும். தாய் முட்டைகளை வாயில் அள்ளி வைத்துப் பொரிக்கும். ஒரே வருடத்தில் பலமுறை குஞ்சு விடும். ஓடும் ஆற்றை நாம் அணைகளாகவும் தடுப்பணைகளாகவும் நிறுத்தி வைக்க வைக்க, வெள்ளத்தை நம்பிய மீன் குறைந்து, நம்பாத மீன் பெருகியது. வைகை அணையிலும் சின்னக் கண்மாயிலும் ஜிலேபி இவ்வளவு கிடைப்பதற்கு அதன் முரட்டுத்தனம் ஒரு காரணம் என்றால், நிற்கும் தண்ணீரே போதும் என்ற அதன் பழக்கம் இன்னொரு காரணம்.

வெள்ளம் வந்தது தெரிந்துவிட்டது. இருட்டிலும் கலங்கலிலும் எந்தத் திசை மேலே என்று மீனுக்கு எப்படித் தெரிகிறது? கெண்டையின் பக்கவாட்டில் செவுளிலிருந்து வால்வரை ஒரு கோடு ஓடும். செதில் உரிக்கும்போது பார்த்திருப்பீர்கள். பக்கக்கோடு என்று பெயர். அந்தக் கோட்டிலும் தோலின் மற்ற இடங்களிலும் நுண்மயிர் கொண்ட உணர்மொட்டுகள் இருக்கின்றன. தண்ணீர் நகர்ந்தால் மயிர் சாயும், சாய்ந்ததும் நரம்புக்குச் செய்தி போகும். 1930களில் ஸ்வென் டைக்ராஃப், பார்வை இல்லாத மீனுக்கு அருகே கண்ணாடிக் குச்சியை அசைத்து, தொடாமலேயே அது திரும்புவதைக் காட்டினார். ஓட்டத்தை எதிர்த்துத் தலையைத் திருப்பும் குணத்தை எதிரோட்ட நாட்டம் என்று சொல்லலாம். கண் இல்லாத குகைமீன் உட்படச் சில மீன்களின் தோல்பரப்பு உணர்மொட்டுகளைச் செயலிழக்கச் செய்தால், மெல்லிய ஓட்டத்தில் அந்த நாட்டம் போய்விடுகிறது என்று ஜான் மாண்ட்கோமரியும் சகாக்களும் 1997-ல் காட்டினார்கள். வேகமான ஓட்டத்தில் மட்டும் அவை எப்படியோ திசை கண்டுபிடித்தன. கரை தெரியாத கலங்கலில் மீனுக்குத் தோலே திசைமானி.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு தூண்டிலோடு ஆற்றோரம் உட்கார்ந்தால் ஒவ்வொரு பருவமும் வேறு மாதிரி தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை போடிக்கே நேராக வரும், ஆறு செம்மண் நிறத்தில் ஓடும். கண்ணை நம்பும் மீனுக்கு அது பசிக்காலம். கெளுத்திக்கோ விருந்து. அதன் மீசையில் சுவைமொட்டுகள் நிறைந்திருக்கின்றன, உடம்பிலும் பரவியிருக்கின்றன. மூக்கை அடைத்தாலும் அமெரிக்கக் கெளுத்திகள் சுவையை வைத்தே இரையைத் தேடி அடைவதை 1967-ல் ஜான் பார்டாக் குழு சோதனையில் கண்டது. ஒரு பக்கச் சுவை உறுப்புகளை நீக்கியபோது மீன் மறுபக்கமாகவே திரும்பித் திரும்பிச் சுற்றியது. வெள்ளம் வடியும் நாட்களில் கரையோர மெதுநீரில் மண்புழுவைத் தரையில் கிடத்துபவர்கள் கெளுத்தி எடுப்பது இதனால்தான். மிதக்கும் இரையைவிட, கரைந்து பரவும் மணமும் சுவையும் அங்கே தூரம் போகின்றன.

தை, மாசியில் தண்ணீர் தெளியும். கூழாங்கல் தெரியும், மீனும் தெரியும். ஆனால் நீங்களும் மீனுக்குத் தெரிவீர்கள். தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளி உலகம் முழுவதும், ஒளிவிலகலால் சுமார் 97 டிகிரி அகலமுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரிகிறது. அந்த வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடியாகி ஆற்றடியையே பிரதிபலிக்கும். கரையில் நிமிர்ந்து நிற்பவர் சாளரத்துக்குள் தெளிவாக விழுவார். குனிந்து தள்ளி உட்கார்ந்தவர் அதன் விளிம்பில் நசுங்கி, கிட்டத்தட்டக் காணாமல் போவார். தெளிந்த தண்ணீரில் பழகிய தூண்டில்காரர்கள் பாறைக்குப் பின்னால் உட்கார்வதற்கு இந்த ஒளியியலே காரணம்.

பங்குனிக்குப் பிறகு கதை பிராணவாயுவைப் பற்றியது. கோலி சோடா குளிர்ச்சியாக இருந்தால் வாயு அடங்கியிருக்கும், வெயிலில் வைத்துத் திறந்தால் சீறி வெளியேறிவிடும். ஆற்றில் கரைந்த பிராணவாயுவும் அப்படித்தான். கடல்மட்டக் கணக்கில், 20 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டருக்கு 9 மில்லிகிராமுக்குச் சற்று மேல் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 7.5 தான். ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், மீன் எவ்வளவு குறைந்த மூலதனத்தில் குடும்பம் நடத்துகிறது என்று புரியும். இந்த அளவுகளை நாம் அறிந்தது 1888-ல் ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஸ் விங்க்லர் வகுத்த முறையால். குமிழி புகாமல் நிரப்பிய புட்டியில் மாங்கனீஸ் உப்பும் அயோடைடு கலந்த காரமும் சேர்த்தால், கரைந்திருக்கும் பிராணவாயுவுக்கு ஏற்ப பழுப்புப் படிவு உண்டாகும். அதை அமிலத்தில் கரைத்து, வெளியாகும் அயோடினை அளந்தால் கணக்கு வந்துவிடும். இன்றும் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் மாணவர்கள் இதைச் செய்கிறார்கள்.

வரவு குறையும்போதே செலவு கூடுகிறது என்பதுதான் மீனின் கோடைத் துயரம். மீனின் உடல் வெப்பம் தண்ணீரின் வெப்பமே. பத்து டிகிரி கூடினால் அதன் பிராணவாயுத் தேவை ஏறத்தாழ இரட்டிப்பாகும். பாசி படர்ந்த கசத்தில் பகலில் பாசி பிராணவாயு விடும், இரவில் அதுவும் சேர்ந்து உறிஞ்சும். எனவே கோடையில் மிக மோசமான நேரம் உச்சிவெயில் அல்ல, விடியலுக்குச் சற்று முந்தைய பொழுது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை அப்போதுதான் பார்க்கலாம். அந்த நேரத்தில் அவை இரையைத் தொடாது. தண்ணீர் பாறையில் விழுந்து நுரைக்கும் இடத்துக்குக் கீழே, காற்று கலந்த நீரில்தான் தெம்புள்ள மீன் நிற்கும்.

கண்மாய் வற்றும் கட்டத்தில் ஊரே இறங்கி ஊத்தாவும் கச்சாவலையுமாக மீன் பிடிப்பது தென்மாவட்ட வழக்கம். உயிரியல் பார்வையில் அதில் பெரிய தவறு எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் இன்னும் சில நாளில் போய்விடும், அந்த மீனில் பெரும்பகுதி எப்படியும் சாகும். நான் வேண்டாம் என்று சொல்வது புதுவெள்ளத்தில் ஏறும் மீனை, தடுப்பணைச் சுவருக்குக் கீழே தேங்கித் தவிக்கும்போது வாரி எடுப்பதை. அவற்றில் பல வயிறு முட்டச் சினை கொண்டவை. ஒரு சின்னக் கெண்டையை அங்கே எடுப்பது நூற்றுக்கணக்கான முட்டைகளை எடுப்பது. இரண்டு வாரம் பொறுத்துக் கீழ்நோக்கித் திரும்பும்போது பிடித்தால், அதே மீன் தன் வேலையை முடித்துவிட்டு வந்திருக்கும்.

ஆனால் பழியை முழுக்க வலைக்காரர் மேல் போட முடியாது, சுவரைக் கட்டியது அவர் இல்லை. தமிழக ஆறுகளின் அணைக்கட்டுகள் மீனின் ஏற்றத்தை மறிப்பதை, 1873-ல் வெளியான தன் நன்னீர் மீன்வள அறிக்கையிலேயே பிரான்சிஸ் டே விரிவாக எழுதினார். கணக்கு எளிது. ஒன்றரை மீட்டர் உயரச் சுவரிலிருந்து விழும் தண்ணீர், அடியைத் தொடும்போது நொடிக்கு ஐந்து மீட்டருக்கு மேல் வேகத்தில் இருக்கும். எட்டு சென்டிமீட்டர்க் கெண்டை உயிரைக் கொடுத்து நீந்தினாலும் நொடிக்குத் தன் உடல் நீளத்தைப் போல் பத்து மடங்கு, அதாவது முக்கால் மீட்டர் சொச்சம்தான் போகும். அதுவும் சில நொடிகளுக்கு. வாயடியில் ஒட்டுறுப்புள்ள கர்ரா இனச் சிறுமீன்கள் ஈரப்பாறையைப் பற்றிக்கொண்டு ஓரளவு ஏறிவிடும். கெண்டைக்கும் கெளுத்திக்கும் அந்த வசதி இல்லை. இதற்குத் தீர்வாகப் பல நாடுகளில் செய்வது, சுவரின் ஒரு கரையோரம் பெருங்கற்களை அடுக்கிய நீண்ட சரிவு. இருபதுக்கு ஒன்று என்ற சாய்வு வழக்கமான அளவு. ஒன்றரை மீட்டர் சுவர் என்றால் முப்பது மீட்டர் நீளம். கல்லுக்குக் கல் இடையில் தண்ணீர் தயங்கும், மீன் ஒரு கல்லின் பின்னால் இளைப்பாறி அடுத்த கல்லுக்குப் பாயும். ஆற்றின் அகலம் முழுக்க வேண்டியதில்லை, ஒரு ஓரம் போதும். பாசனத்துக்கும் குடிநீருக்கும் தேங்க வேண்டிய தண்ணீரும் குறையாது, ஏனென்றால் அந்தச் சரிவில் தண்ணீர் ஓட வேண்டியது முக்கியமாகப் புதுவெள்ளத்தின் முதல் சில வாரங்களில், அணை எப்படியும் நிரம்பி வழியும்போதுதான்.